சேப்பாக்கம் எழுந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை

இந்தியாவும் பாகிஸ்தானும் டெஸ்ட் ஆடி நான் பார்த்ததில்லை. என் வயதையொத்த எவரும் விவரம் தெரிந்து பார்த்திருக்க முடியாது. இரு அணிகளும் கடைசியாக டெஸ்ட் ஆட்டத்தில் சந்தித்தது 2007 டிசம்பரில், பெங்களூரில். எனக்கு அப்போது இரண்டு வயது. யாருக்கும் வெற்றியில்லாமல் அந்த ஆட்டம் முடிந்தது. அதோடு டெஸ்ட் ஆடுவதும் முடிந்துபோனது. 2019ல் உலக டெஸ்ட் வெற்றியாளர் போட்டி தொடங்கியபோதும் இந்த இரு நாடுகளும் தங்களுக்குள் ஒரு தொடர் ஆடும்படி அட்டவணை அமையவில்லை.

எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் வேறு. ஆண்டுக்கு ஓரிரு முறை, உலகக் கிண்ணத்திலோ ஆசியக் கிண்ணத்திலோ, பெரும்பாலும் மூன்றாவது நாட்டுத் திடல் ஒன்றில், விளக்கொளியில் நடக்கும். பல சமயம் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்கு மீம்ஸ் ஓடும். 2025 செப்டம்பரில் துபாயில் நடந்த ஆசியக் கிண்ண ஆட்டம் முடிந்ததும் இந்திய அணியினர் பாகிஸ்தான் அணியினருடன் கைகுலுக்காமல் உள்ளே போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதல், மே மாதம் இரு நாடுகளுக்கும் இடையே நடந்த சண்டை எல்லாம் திடலுக்குள் வந்திருந்தன. கைகுலுக்காதது சரியா தவறா என்று நான் இங்கே வழக்காடப் போவதில்லை. அந்த இரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் கிரிக்கெட் பிடித்த 14 பேர் சேர்ந்து நடத்தும் குழு அது. அதில் ஒருத்தி என் தோழி. உயர்நிலைப் பள்ளியிலிருந்தே எனக்குப் பழக்கம். சிங்கப்பூரில் பிறந்தவள், அவளுடைய அப்பா லாகூரிலிருந்து இங்கு வேலைக்கு வந்தவர். அன்று இரவு குழுவில் வந்த படங்களும் கேலிகளும் முதலில் பாகிஸ்தானின் பந்தடிப்பைப் பற்றி இருந்தன. பிறகு அந்த நாட்டைப் பற்றி. பிறகு அந்த நாட்டு மக்களைப் பற்றி. தோழி சண்டை போடவில்லை, பதிலும் எழுதவில்லை. அவள் குழுவைவிட்டு வெளியேறினாள் என்ற சாம்பல்நிற வரி மட்டும் திரையில் வந்தது. அதன் கீழேயே இன்னொருவர் சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டார். அவளைப் பார்த்துப் போட்டதா, அதற்கு முந்திய படத்துக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில வாரங்கள் கழித்து அவளே எனக்குத் தனியாக எழுதினாள். துபாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டது இதுதான்: "என் அப்பா சென்னைக்குப் போனதே இல்லை. ஆனால் சென்னைக்காரர்கள் என்றால் அவருக்குத் தனி மரியாதை. 1999ல் ஏதோ ஒரு டெஸ்ட்டாம். உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். என் மாமா அந்த ஆட்டத்தில் இருந்தார்.

டெஸ்ட் என்றால்

கதைக்குள் போகும்முன், காற்பந்து மட்டும் பார்க்கும் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள்வரை நடக்கும். ஒரு நாளைக்கு 90 ஓவர். ஒவ்வோர் அணியும் இரண்டு முறை பந்தடிக்கலாம். ஐந்து நாளும் ஆடிவிட்டு யாரும் வெல்லாமல் போகவும் செய்யலாம். "இதையா உட்கார்ந்து பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வி எனக்குப் பழகிவிட்டது. அதையும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசினால் கேள்வி இன்னும் சத்தமாக வரும்.

சிங்கப்பூரிலிருந்து டெஸ்ட்டைத் தொடர்வது ஒரு தனிக் கலை. இந்தியாவில் ஆட்டம் என்றால் நமக்கு நண்பகல் 12 மணிக்குத் தொடங்கும். விரிவுரைக்கு நடுவே, மேசைக்குக் கீழே கைப்பேசி. இங்கிலாந்தில் என்றால் மாலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். ஆஸ்திரேலியாவில் என்றால் காலைப் பசியாறும்போதே முதல் விக்கெட் விழுந்திருக்கும். 2021 ஜனவரி 19, பிரிஸ்பன் டெஸ்ட்டின் கடைசி நாள் எனக்குப் பள்ளி நாள். ஓய்வு நேரத்தில் ஒரு முறை, பேருந்து நிறுத்தத்தில் ஒரு முறை, பேருந்துக்குள் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு முறை என்று எழுத்து வர்ணனையிலேயே இந்தியாவின் வெற்றியைப் பார்த்தேன். அந்த ஆட்டத்தில்தான் சேலம் மாவட்டத்து நடராஜனும் சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் டெஸ்ட்டில் அறிமுகமானார்கள். படமே இல்லாமல், எண்களை மட்டும் பார்த்து ஒருவருக்கு நெஞ்சு படபடக்க முடியும் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

மாமாவுக்கு அந்தப் பிரச்சினை இருக்கவில்லை. திடல் அவருக்கு நடக்கும் தூரத்தில் இருந்தது.

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு நடை

மாமா என் அம்மாவின் தம்பி. இப்போது செங்காங்கில் இருக்கிறார். 1999ல் சென்னையில் கல்லூரி மாணவர். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தார். மேன்ஷன் என்ற பெயரைக் கேட்டு மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் அறையில் மூன்று பேர், வராந்தாவின் கோடியில் எல்லாருக்கும் பொதுவான குளியலறை. வெளியூர்ப் பையன்கள் தங்கும் இடம். அங்கிருந்து சேப்பாக்கம் திடல் கூப்பிடு தூரம்.

அந்தத் தொடரே நடக்குமா என்ற சந்தேகம் எல்லாருக்கும் இருந்ததாம். இரு அணிகளும் அதற்கு முன் டெஸ்ட் ஆடியது 1989ல் பாகிஸ்தானில். 16 வயதுப் பையனாக சச்சின் டெண்டுல்கர் அறிமுகமான தொடர் அது. பிறகு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றுமில்லை. 1999 ஜனவரித் தொடக்கத்தில், தொடரை எதிர்த்த சிவசேனைக் கட்சியினர் டெல்லி பெரோஸ் ஷா கோட்லா திடலின் ஆடுதளத்தைத் தோண்டிப் போட்டார்கள். முதல் டெஸ்ட் டெல்லியில் நடக்க வேண்டியது, சென்னைக்கு மாறியது. சேப்பாக்கத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் காவலர்கள் என்கிறார் மாமா. "உள்ளே போகிறதுக்குள்ளே பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிடலாம், அவ்வளவு வரிசை."

ஜனவரி 28, வியாழக்கிழமை ஆட்டம் தொடங்கியது. முதல் நாள் பாகிஸ்தான் 238 ஓட்டங்களுக்குச் சுருண்டது. கும்ப்ளேவுக்கு 6 விக்கெட். இந்தியா பதிலுக்கு 254. சென்னைப் பையன் சடகோபன் ரமேஷ் தன் முதல் டெஸ்ட்டிலேயே 43 ஓட்டம் எடுத்தார். சச்சின் மூன்றாவது பந்திலேயே சக்லைன் முஷ்டாக்கிடம் ஓட்டம் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தார். "அவ்வளவு பேர் இருந்த இடத்தில் பஞ்சு மிட்டாய்க்காரர் மணி அடிக்கிற சத்தம் கேட்டது" என்றார் மாமா. திடலுக்கு உள்ளே பஞ்சு மிட்டாய்க்காரர் எப்படி வந்தார் என்று கேட்டேன். "வெளியே ரோட்டிலம்மா" என்றார்.

மூன்றாம் நாள் ஷாகித் அஃப்ரிடியின் நாள். அடித்து நொறுக்குபவர் என்று பெயரெடுத்திருந்தவர் 141 ஓட்டம் குவித்தார். பாகிஸ்தான் 4 விக்கெட்டுக்கு 275 என்று இருந்தது. ஆட்டம் கையைவிட்டுப் போய்விட்டது என்று எல்லாரும் நினைத்தபோது வெங்கடேஷ் பிரசாத் வந்தார். அடுத்த 11 ஓட்டத்துக்குள் பாகிஸ்தானின் மீதி ஆறு விக்கெட்டும் போயின. பிரசாத் 33 ஓட்டம் கொடுத்து 6 விக்கெட். இந்தியாவுக்கு இலக்கு 271. அன்று மாலையே வக்கார் யூனிஸ் இரண்டு தொடக்க ஆட்டக்காரர்களையும் அனுப்பிவிட்டார். 2 விக்கெட்டுக்கு 40.

ஞாயிறு, ஜனவரி 31

தோழியும் நானும் இந்த நாளைக் காணொளியில் பார்த்தோம். யூடியூப்பில் கிடைப்பது மங்கலான துண்டுகள்தான். பந்தே சில இடங்களில் தெரியாது. ஒரு கையில் ஓட்டப் பட்டியலை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தே பார்த்தோம். அப்படியிருந்தும் வயிற்றைப் பிசைந்தது.

காலையில் வாசிம் அக்ரம் டிராவிட்டுக்கு வீசிய பந்தை ஐந்தாறு முறை திருப்பித் திருப்பி ஓட்டினோம். கால் பக்கம் போவதுபோல் வந்து, விலகி, ஸ்டம்பைத் தட்டிவிட்டுப் போகிறது. டிராவிட் செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகத்தான் செய்தார். அசாருதீன் போனார். கங்குலி போனார், அவர் ஆட்டமிழந்த விதத்தைப் பற்றி அன்றே சர்ச்சை இருந்தது. 5 விக்கெட்டுக்கு 82.

அங்கிருந்து சச்சினும் விக்கெட் காப்பாளர் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டம் சேர்த்தார்கள். சச்சினுக்கு முதுகுப் பிடிப்பு. ஒவ்வோர் அடிக்கும் பிறகு அவர் குனிந்து, முதுகைப் பிடித்து, மறுபடி நிமிர்வதைக் காணொளியில் காணலாம். அந்த இன்னிங்ஸில் அவர் சந்தித்தவை மொத்தம் 273 பந்துகள். ஏறக்குறைய ஏழு மணி நேரம். மோங்கியா 52ல் போனபிறகு அடித்து ஆடத் தொடங்கினார். வலி தாங்காமல், சீக்கிரம் முடித்துவிடலாம் என்றுதான் அப்படி ஆடினார் என்று மாமாவின் வரிசையில் எல்லாரும் பேசிக்கொண்டார்களாம்.

வெற்றிக்கு 17 ஓட்டம். கையில் 4 விக்கெட். சக்லைன் வீசுகிறார். அவருடைய தூஸ்ரா, அதாவது உள்ளே திரும்பும் என்று எதிர்பார்க்கும்போது வெளியே திரும்பும் பந்து. சச்சின் தூக்கி அடிக்கப் போக, பந்து மேலே கிளம்பி அக்ரமின் கையில் இறங்கியது. 136.

இந்த இடத்தில் மாமா பேச்சை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

அடுத்த மூன்று விக்கெட்டும் நான்கு ஓட்டத்துக்குள் விழுந்தன. கும்ப்ளே, சுனில் ஜோஷி, கடைசியாக ஸ்ரீநாத். 258. பாகிஸ்தானுக்கு 12 ஓட்ட வெற்றி. சக்லைனுக்கு இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட். ஆட்ட நாயகன் விருது சச்சினுக்கு. அதை வாங்க அவர் வெளியே வரவில்லை.

பிறகு நடந்ததுதான் லாகூரில் ஒரு வீட்டுக்குத் தெரிந்த சென்னை. பாகிஸ்தான் அணியினர் திடலைச் சுற்றி ஓடி வந்தார்கள். சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது.

யார் முதலில் எழுந்தது என்று மாமாவிடம் கேட்டேன். "தெரியாதும்மா. நான் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, உட்கார்ந்துதான் இருந்தேன். எனக்குப் பின்னாலே வயசான ஒருத்தர், வெள்ளை வேட்டி, நாலு நாளும் ஒரு வார்த்தை பேசாமல் நோட்டில் ஸ்கோர் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு எழுந்து தட்ட ஆரம்பித்தார். சரி, இவரே எழுந்துவிட்டார் என்று நானும் எழுந்தேன். பார்த்தால் எல்லாரும் நிற்கிறார்கள்."

ஏன் தட்டினீர்கள்?

"நாலு நாள் பார்த்துவிட்டோம் இல்லையா? சச்சின் அந்த சக்லைனை அன்றைக்கு என்ன அடி அடித்தான்! அடி வாங்கிக்கொண்டே திரும்பத் திரும்ப வந்து போட்டான். அதைக் கண்ணால் பார்த்த பிறகு சும்மா எழுந்து வீட்டுக்குப் போக முடியுமா?"

அவ்வளவு எளிதா?

இதைத் தோழியிடம் சொன்னபோது அவள் உடனே உருகிவிடவில்லை. பொறியியல் படிக்கிறவள், எதையும் ஒரு முறை அழுத்திப் பார்ப்பாள். "சென்னை வாகா எல்லையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பிரிவினையில் உன் தாத்தா வீட்டைவிட்டு ஓடவில்லை. என் தாத்தா ஓடினார். உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கைதட்டுவது கொஞ்சம் சுலபம்" என்றாள்.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சென்னை ரசிகர்களுக்கு இயல்பிலேயே பரந்த மனம் என்று நம் ஊர்ப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். 1997ல் இதே திடலில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் ஒருநாள் ஆட்டத்தில் இந்தியாவுக்கு எதிராக 194 ஓட்டம் எடுத்து உலகச் சாதனை படைத்தபோதும் அரங்கம் எழுந்து நின்று தட்டியதைச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அந்தப் பெருமையில் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஒரு நகரத்துக்கே ஒரு குணம் என்று சொல்லிவிட்டால், மற்ற நகரங்களுக்கு அது இல்லை என்று ஆகிவிடும்.

கொல்கத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ளவர்களுக்குக் கிரிக்கெட் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சேப்பாக்கம் டெஸ்ட் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 1999 பிப்ரவரி 16 முதல் ஈடன் கார்டன்சில் அதே இரு அணிகள் ஆசிய டெஸ்ட் வெற்றியாளர் போட்டியில் மோதின. நான்காம் நாள் சச்சின் ஓடும்போது ஷோயப் அக்தர்மீது மோதி, கோட்டைத் தொட முடியாமல் ரன் அவுட் ஆனார். அரங்கம் கொதித்தது, போத்தல்கள் பறந்தன. சச்சினே திடலைச் சுற்றி வந்து அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மறுநாள் இந்தியா தோல்வியின் விளிம்புக்கு வந்ததும் மீண்டும் கலவரம். காவலர்கள் பல்லாயிரம் பேரை வெளியேற்றினார்கள். காலி இருக்கைகளுக்கு முன்னால் பாகிஸ்தான் 46 ஓட்டத்தில் வென்றது. அதே பிப்ரவரி 20ஆம் தேதிதான் இந்தியப் பிரதமர் வாஜ்பாய் பேருந்தில் வாகா எல்லையைக் கடந்து லாகூர் போனார். மே மாதம் கார்கில் சண்டை தொடங்கியது. ஒரே ஆண்டுக்குள் இத்தனையும்.

ஆக, நான்கைந்து நாள் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் மனம் தானாகக் கனிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. கோபத்துக்கும் அந்த நாள்கள் போதும். கொல்கத்தாவில் அது ஓர் இரவு முழுவதும் ஊறி, மறுநாள் வெடித்தது. சென்னையிலும் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கங்குலிக்குக் கொடுத்த தீர்ப்பைப் பற்றிக் கேட்டால் மாமா இன்றும் குரலை உயர்த்துகிறார். ஆனால் அந்தக் கோபத்துக்குப் பிறகு சச்சின் ஆடினார், மோங்கியா ஆடினார், சக்லைன் திரும்பி வந்தார். மாலைக்குள் பார்க்க வேண்டியது வேறு நிறைய வந்துவிட்டது. கடைசியில் தோற்றது 17 ஓட்டத்தை எடுக்க முடியாததால். அதற்குக் குற்றம் சாட்ட எதிரணியில் யாரும் இல்லை.

இதில் என் கருத்து இவ்வளவுதான். பிடிக்காதவரைக்கூட நீண்ட நேரம் உற்றுப் பார்க்கும் வாய்ப்பு டெஸ்ட் ரசிகருக்குக் கிடைக்கிறது. அதை அவர் எப்படிப் பயன்படுத்துவார் என்பது வேறு விஷயம். எங்கள் 14 பேர் குழுவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. துபாய் ஆட்டம் முடிந்தபோது பாகிஸ்தான் அணியில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களில் பலருக்குத் தெரியாது. 2008ல் நடந்த முதல் ஐபிஎல் போட்டிக்குப் பிறகு பாகிஸ்தான் அணியினர் அதிலும் ஆடுவதில்லை. அவர்கள் எப்படிப் பயிற்சி செய்வார்கள், களைத்துப்போனால் எப்படி இருப்பார்கள், தோற்றால் என்ன செய்வார்கள் என்று எதுவுமே நாங்கள் பார்த்ததில்லை. தெரியாத முகத்தின்மேல் எந்தப் படத்தையும் ஒட்டிவிடலாம்.

எல்லை தாண்டிய ரசிகர்கள்

ஒரு காலத்தில் ரசிகர்களே எல்லை தாண்டினார்கள். 1955ல் லாகூர் டெஸ்ட்டுக்காக எல்லை திறந்துவிடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இந்தியர்கள் அங்கு போனார்கள். பிரிவினை முடிந்து எட்டு ஆண்டுகள்கூட ஆகாத நேரம் அது. ஆட்டம் என்னவோ விறுவிறுப்பில்லாதது. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்ட்டும் முடிவின்றிப் போயின. தோற்றுவிடக் கூடாது என்ற பயத்திலேயே இரு அணிகளும் ஆடினால் அப்படித்தான் ஆகும். 1952 முதல் 2007 வரை இரு நாடுகளும் ஆடியவை 59 டெஸ்ட். அவற்றில் 38 யாருக்கும் வெற்றியில்லாதவை. பாகிஸ்தான் 12ல் வென்றது, இந்தியா 9ல். சேப்பாக்கத்தில் 12 ஓட்ட வித்தியாசத்தில் ஒரு முடிவு கிடைத்தது எவ்வளவு அரிது என்று இப்போது தெரிகிறதல்லவா?

கார்கிலுக்குப் பிறகு டெஸ்ட் திரும்பியது 2004ல், பாகிஸ்தானில். இந்திய ரசிகர்களுக்கு விசா தாராளமாகக் கிடைத்தது. கடைக்காரர்கள் காசு வாங்க மறுத்தார்கள் என்று போய்வந்தவர்கள் சொன்ன கதைகள் ஏராளம். அந்தத் தொடரில் பாகிஸ்தான் ரசிகர்களுக்குப் பிடித்துப்போன இந்தியர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம் லட்சுமிபதி பாலாஜி. சென்னைக்காரர். எதற்கும் சிரித்த முகம். அவர் பெயரைச் சொல்லிப் பாட்டாகவே கத்துவார்களாம். அதே பாலாஜி ராவல்பிண்டி டெஸ்ட்டில் 7 விக்கெட் எடுத்து, பாகிஸ்தான் மண்ணில் இந்தியா தன் முதல் டெஸ்ட் தொடரை வெல்ல உதவினார். தங்களைத் தோற்கடித்தவர்மேல் அவர்களுக்கு அப்படி ஒரு பாசம்.

இதைத் தோழியிடம் சொன்னதும் அவள் முகம் மாறியது. வீட்டில் அப்பா சில சமயம் "பாலாஜி" என்று இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரிப்பாராம். அது ஏதோ இனிப்புக் கடையின் பெயர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாளாம்.

சேப்பாக்கத்தின் கணக்கு

சச்சினுக்கு அந்தத் திடல் ஒரு கடன் வைத்திருந்தது. 2008 டிசம்பரில் அதைத் தீர்த்தது. மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம். இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் அகமதாபாத்திலிருந்து சேப்பாக்கத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. நான்காவது இன்னிங்ஸில் இலக்கு 387. சச்சின் ஆட்டமிழக்காமல் 103 எடுத்தார். வெற்றி ஓட்டமும் சதமும் ஒரே அடியில் வந்தன. மாமா அப்போது சிங்கப்பூரில். அலுவலகக் கணினியில் பார்த்தாராம். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டேன். "இருந்தது. ஆனால் 99ஐப் பற்றி யாராவது கேட்டால் இரண்டு மணி நேரம் பேசுவேன். இதைப் பற்றி என்ன பேசறது? ஜெயித்துவிட்டோம், அவ்வளவுதானே" என்றார்.

தோழி இன்னும் குழுவில் திரும்பச் சேரவில்லை. அவள் வெளியேறியதற்குக் காரணமான படங்களைப் போட்டவர்களில் ஒருவர் அவளிடம் நேரில் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குள் இப்போது வேறொரு பழக்கம் வந்திருக்கிறது. வாரம் ஒரு முறை, பழைய டெஸ்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு பார்க்கிறோம். போன வாரம் 2005 பெங்களூரு. யூனிஸ் கான் 267. என்னால் முழுவதும் பார்க்க முடியவில்லை, அவள் எழுந்திருக்கவே இல்லை.

சேப்பாக்கம் காணொளியை அவள் தன் அப்பாவுக்கும் காட்டியிருக்கிறாள். கூட்டம் எழுந்து நிற்கும் இடத்தில் நிறுத்தி, "இதில் உன் தோழியின் மாமா எங்கே?" என்று கேட்டாராம். அந்தத் தெளிவில் யார் முகமும் தெரியாது. பிறகு மாமாவுக்கென்று ஒரு கேள்வியை அனுப்பச் சொல்லியிருந்தார்: 17 ஓட்டம்தான் தேவை, நான்கு விக்கெட் கையில் இருக்கிறது, சச்சின் அந்தப் பந்தைத் தூக்கி அடித்திருக்க வேண்டுமா?

மாமாவுக்கு அனுப்பினேன். 11 நிமிடக் குரல்பதிவு ஒன்று பதிலாக வந்தது. தமிழிலேயே பேசியிருக்கிறார். அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை இப்போது என் தலையில்.